பெருக்கல் குறி போட்ட மாமரம்

நிசார் அஹமது எதையும் இரண்டாவது முறை பார்க்கிற ஆள் இல்லை. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் முப்பத்தொரு வருடம் அவருக்கு அதுதான் வேலை, அதுதான் பெருமை. நீள மேசையில் இரண்டு ஆட்கள் தோலை விரித்துப் போடுவார்கள். இவர் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி, மூலையில் சாக்பீஸால் ஒரு எண் எழுதுவார். முள்கம்பி கீறிய தழும்பா, உண்ணி கடித்த புள்ளியா, உரித்தவன் கத்தி இறங்கிய வெட்டா, எல்லாம் நான்கு விநாடியில் தெரிந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று. அதற்கும் கீழே என்றால் ஒரு பெருக்கல் குறி. அந்தத் தோல் தள்ளுபடி மூலைக்குப் போய்விடும். போட்ட குறியை அவர் அழித்துப் பார்த்ததாக அந்தக் கம்பெனியில் யாரும் சொன்னதில்லை.

இந்தப் பழக்கம் மேசையோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. நிற்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் பிரியாணிக்கு இரண்டு, ரைத்தாவுக்கு மூன்று. சம்பந்தி வீட்டு சோபாவுக்கு, அதில் உட்கார்ந்தபடியே, பெருக்கல் குறி. கேட்டவர்கள் முகம் சுண்டிப் போவதைக் கவனிக்க அவருக்கு நேரம் இருக்காது. ஏனென்றால் அதற்குள் அடுத்த பொருளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பது அந்தக் காலத்தில் அவர்கள் வழக்கத்தில் இல்லை. நிசாருக்குப் பெண் கேட்டுப் போன வீட்டில் வாசல் திரை காற்றில் ஒரு கணம் விலகியது, அவ்வளவுதான். நிசாருக்கு அது போதாதா? தெருவுக்கு வந்ததும் கூட வந்த தோஸ்த்திடம், "செகண்ட்ஸ்தான். ஆனா மால் உழைக்கும்" என்றார். தோல்காரர் பேச்சில், இரண்டாம் தரச் சரக்கு, ஆனால் தாங்கும் என்று அர்த்தம். தெருப்பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே நின்ற சுகரா பேகம் அதைக் கேட்டாள். கல்யாணமாகி அவரோடு குடித்தனம் செய்த இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மறந்துவிட்டாள் என்று நிசார் நினைத்தார். மனிதருக்கு அவ்வளவுதான் விவரம்.

ஒரே மகன் தௌசீப் அஹமது பிறந்தபோது, தொட்டிலைக் குனிந்து பார்த்து, "ஒண்ணாம் நம்பர்" என்றார். பிடித்தது சனியன். ஒண்ணாம் நம்பர் பிள்ளையின் கையெழுத்து சரியில்லை என்று எழுத வைத்தார். நடை சரியில்லை என்று நடக்க வைத்தார். முடி, சட்டை, சிநேகிதர்கள், சிரிப்பு என்று ஒவ்வொன்றாகச் சீவிச் சீவி எடுத்ததில், பையன் இருபது வயதில் அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்குப் போனவன், பெருநாளைக்குக் காலையில் வந்து மத்தியானமே கிளம்பிவிடுகிறவனாக ஆனான். பாக்கி இருந்த ஒண்ணாம் நம்பரும் அரக்கோணத்தோடு போயிற்று.

தொண்ணூற்றாறில் நிசாருக்கு வயது ஐம்பத்தெட்டு. கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. உண்ணிப் புள்ளி மொய்த்த தோல் ஒரு லோடு முழுக்க அவர் கையால் ஒண்ணாம் நம்பர் வாங்கிக்கொண்டு கப்பலேறி, போன வேகத்தில் திரும்பி வந்தது. முதலாளி ஆபித் பாஷா, தகப்பனார் காலத்து ஆளிடம் 'உமக்குக் கண் தெரியவில்லை' என்று சொல்ல வாய் வராமல் ஒரு வாரம் தவித்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்.

வேலூரிலிருந்து அமிர்தி போகிற வழியில், காட்டை ஒட்டி, அவருக்கு ஒரு மாந்தோப்பு இருந்தது. நாற்பது மரம், ஒரு சின்ன ஓட்டு வீடு, ஒரு கிணறு. காவல்காரன் சொல்லாமல் கொள்ளாமல் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

"நிசார் பாய், தோட்டத்த நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் ஆபித் பாஷா. "இப்பல்லாம் தோல் வாங்க வர்றவன் தோல மட்டும் பாக்கறதில்ல. தண்ணி எங்க போவுது, கம்பெனி மரம் வளக்குதான்னு கேக்கறான். மூணு நாலு வருசத்துல ஜெர்மன்காரங்க வர்றாங்க. அன்னைக்கு மரம் பச்சையா நின்னா, நீங்க இருக்கற வரைக்கும் அந்த வீடு உங்களுது. இல்லாட்டி பிளாட் போட்டு வித்துட வேண்டியதுதான். எனக்கு வேற வழியில்ல."

கம்பெனி கொடுத்திருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறவர்களுக்கு அதைத் தவிர வேறு கூரை இல்லை. சுகரா பேகத்துக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. நிசாருக்கும் தெரியும், ஆனால் கவலைப்படவில்லை. முப்பத்தொரு வருடம் தோலைப் பார்த்தவனுக்கு மரத்தோல் என்ன பிரமாதம்?

போய்ப் பார்த்தால் நாற்பதில் ஒரு மரம்கூட முழுசாக இல்லை. ஆளில்லாத தோப்பு என்று தெரிந்ததும் காடு முழுவதும் வந்து விருந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. புள்ளிமான் கிடாக்கள் கொம்பைத் தேய்த்துத் தேய்த்து இடுப்பு உயரத்தில் பட்டையை நாராகக் கிழித்திருந்தன. புல் காய்ந்த கோடையில் மான்கள் பட்டையையே கடித்து இழுத்திருந்தன. முள்ளம்பன்றி தன் பங்குக்கு அடிமரத்தைச் சுற்றி, உளி வைத்தது போல் பல்லால் கொறித்திருந்தது.

நிசார் ஒரு டப்பா வெள்ளை பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு மரத்துக்கு ஒரு தடவு, நான்கு விநாடி, நெஞ்சு உயரத்தில் ஒரு குறி. ஒரு மணி நேரத்தில் தோப்பு முழுக்கத் தரம் பிரிந்துவிட்டது. முப்பத்துமூன்று மரத்துக்கு எண். ஏழு மரத்துக்குப் பெருக்கல் குறி. வெட்டி விறகாக்க வேண்டியவை.

ஆறு மரத்தை வெட்டியாயிற்று. ஏழாவது, வீட்டுக்குப் பின்னால் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. முள்ளம்பன்றி அதன் அடியில் பாதிச் சுற்றுக்கு மேல் பட்டையைத் தின்றிருந்தது. கோடரியோடு ஆள் வந்ததும் சுகரா பேகம் குறுக்கே வந்து நின்றாள்.

"இத விட்டுடுங்க. துணி காயப் போட கயிறு எதுல கட்டறது?"

"அது ரிஜெக்ட்டு. ரெண்டு மாசத்துல தானா சாவும்."

"சாவற வரைக்கும் துணி காயட்டும்."

நிசார் யோசித்தார். கம்பம் நடுகிற செலவு மிச்சம். "சரி, போவட்டும்" என்றார். அதோடு அந்த மரம் அவர் கணக்கில் கம்பமாகிவிட்டது. மூன்று வருடம் அதன் பக்கம் தலை திருப்பவில்லை.

ஏசுராஜ் என்று ஒருவர், அமிர்தி வனத்துறையில் வாட்ச்சர். அங்கிருக்கிற சின்ன மிருகக்காட்சி சாலையில் மான்களுக்குத் தழை போடுவதும் அவர்தான். வாரத்தில் இரண்டு நாள் சைக்கிளில் அந்த வழியாகப் போகும்போது டீக்கு இறங்குவார். நிசார் அப்போது காயம்பட்ட மரங்களுக்கு வைத்தியம் ஆரம்பித்திருந்தார். என்ன வைத்தியம்? உரித்த தோல் கெடாமலிருக்க உப்புப் போடுவார்கள் இல்லையா? அந்த உப்பு. கைநிறைய அள்ளிக் காயத்தில் அப்பி, கோணியால் கட்டிக்கொண்டிருந்தார்.

ஏசுராஜ் டீயைக் கீழே வைத்துவிட்டார். "இன்னா பாய் பண்றீங்க?"

"காயம் அழுகாம இருக்க."

"பாய், அது செத்த தோலுக்கு. இது உசுரோட இருக்குது." ஏசுராஜுக்குக் கோபமே வராது, வந்தால் குரல் இன்னும் தாழ்ந்துவிடும். "மரத்துக்குக் காயம் ஆறாது பாய். நம்ம ஒடம்பு மாதிரி அந்த எடத்துலயே புதுசா சதை வராது. போன எடம் போனதுதான். மரம் இன்னா பண்ணும்னா, உள்ளாற அந்த எடத்தச் சுத்தி வேலி போட்டு அழுகலு பரவாம நிறுத்திடும். வெளிய, காயத்தோட ஓரத்துலேர்ந்து உதடு மாதிரி தடிச்சிக்கினு வரும். வருசா வருசம் கொஞ்சம் கொஞ்சமா வந்து மூடிடும். பட்டைய சுத்தி மோதிரம் மாதிரி எடுத்துட்டாதான் சாவும். கொஞ்சம் ஒட்டிக்கினு இருந்தா பொழச்சிக்கும். நீங்க பண்ண வேண்டியது ஒண்ணுதான். நாரா தொங்கறத சுத்தமா அறுத்துட்டு, மறுபடி மான் வராம பாத்துக்கினு, சும்மா இருக்கணும்."

சும்மா இருக்கணும்! நிசார் அஹமதுவிடம் சொல்லக்கூடிய பேச்சா அது?

"ஏசுராஜு, நீ மானுக்குத் தழை போடற ஆளு. நான் தோல் பாத்த ஆளு."

ஏசுராஜ் டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கொடுக்கிற சாக்கில் சுகரா பேகத்திடம் அதையே இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார். அவள் அன்று மத்தியானமே காய்கறி அரிகிற கத்தியால் துணிக்கயிறு மரத்தின் அடியில் தொங்கின நாரைச் சுத்தமாக அறுத்தாள். நாலு கருவேல முள்ளை இழுத்து வந்து சுற்றிப் போட்டாள். அரிசி கழுவின தண்ணீரைத் தினம் அதன் காலில் ஊற்றினாள். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. முள்ளில் ஒரு நாள் நிசாரின் லுங்கி மாட்டிக் கிழிந்தது. லுங்கி கிழிந்ததைப் பற்றி அரை மணி நேரம் பேசினார், மரத்தைப் பார்க்கவில்லை.

உப்பு வைத்த மரங்களில் காயத்தின் ஓரம் கருகிச் சுருங்கி, காயம் இன்னும் பெரிதானது. "உப்பு கொஞ்சம் ஜாஸ்தி ஆய்டுச்சு" என்று நிசார் உப்பை விட்டார். அதற்குள் முதலாளி தோப்பைச் சுற்றி உயரமாகக் கம்பிவேலி போட்டுக் கொடுத்திருந்தார். மான் வருவது நின்றது. நிசார் வருவது நிற்கவில்லை.

மழைக்குப் பிறகு மரங்கள் தங்கள் வேலையை ஆரம்பித்தன. ஏசுராஜ் சொன்னபடியே காயத்தின் ஓரமெல்லாம் தடித்து, உருண்டு, உதடு போல் உள்பக்கம் நகர்ந்து வந்தது. வேறு யாராக இருந்தாலும் 'அப்பாடா' என்று உட்கார்ந்திருப்பார்கள். நிசார் அதைத் தடவிப் பார்த்தார். மேடு. சொரசொரப்பு. மேசையில் இப்படி ஒரு தோல் வந்தால் என்ன செய்வார்கள்? சீவி மட்டமாக்கி, தேய்த்து, மேலே லாக்கர் என்கிற வார்னிஷ் அடித்துப் பளபளப்பு ஏற்றி அனுப்புவார்கள். ஜெர்மன்காரன் கையால் தடவிப் பார்க்கிற ஜாதி. அது அவருக்குத் தெரியாததா?

ஆம்பூரிலிருந்து தோல் சீவுகிற கத்தி வந்தது. உப்புத்தாள் வந்தது. பழுப்பு நிற லாக்கர் டின் டின்னாக வந்தது. மாதம் ஒரு முறை, மரம் ஒரு நெல்லளவு மூடியிருந்தால் அந்த நெல்லளவையும் சீவி எறிந்தார். தேய்த்தார். லாக்கர் அடித்தார். மரம் மறுபடி ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும்; அடுத்த மாதம் இவர் மறுபடி கத்தியோடு போவார். மான் ஒரு முறை கடித்துவிட்டுப் போனது. இந்த மனிதர் மூன்று வருடம் கடித்தார், அதுவும் அக்கறையோடு. ஒண்ணாம் நம்பர் மரங்களுக்குத்தான் கவனிப்பு அதிகம். அவை மாதம் இரண்டு முறை சீவப்பட்டன.

தோப்புக்குள் நுழைந்தால் ஷூ கடைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. அத்தனை மரமும் பளபளவென்று பாலிஷ் போட்டு நின்றது. மேலே பார்த்தால்தான் விஷயம் தெரிந்தது. உச்சிக் கிளைகள் மொட்டையாகின. லாக்கர் தோலுக்குள் ஈரம் மாட்டிக்கொண்டு உள்மரம் புழுத்தது. அடியில் மாவு மாவாகத் தூள் கொட்டியது. தொண்ணூற்றொன்பது ஆனிக் காற்றில் இரண்டு மரம், சரியாகக் காயத்தின் இடத்திலேயே முறிந்து விழுந்தன. உள்ளே பழுப்பாக ஈர மண் போல் உதிர்ந்தது. நிசார் அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு, "உள் மாலே மட்டம்" என்றார். மரத்தின் மேல்தான் தப்பு.

அந்த வாரம் முதல்முறையாக சுகரா பேகம் பயந்தாள். "வீடு போய்டும்போல இருக்குதுங்க" என்று சொன்னாள்.

"நான் இருக்கறேன் இல்ல" என்றார் நிசார்.

"அதான்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டாயிரம் மே மாதம் ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். அந்தப் பெண்தான் பெரியவள் போலிருந்தது. ஆபித் பாஷா அவள் பின்னாலேயே கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தார். முப்பத்துமூன்றில், காற்றில் விழுந்த இரண்டு போக, பதினொன்று நின்றபடியே செத்திருந்தன. மிச்சம் பாதி இலையோடு நின்றன. ஒன்றில்கூட ஒரு பிஞ்சு இல்லை. அந்தப் பெண் ஒரு மரத்தின் பளபளப்பைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, கட்டைவிரலால் லேசாக அழுத்தினாள். லாக்கர் அப்பளம் போல் உடைந்து விரல் முழுசாக உள்ளே போயிற்று. அவள் விரலைத் துடைத்துக்கொண்டாள். ஆபித் பாஷா நிசாரைப் பார்த்த பார்வையில் பிளாட்டுக்குக் கல் நட்டாயிற்று.

கை கழுவத் தண்ணீர் கேட்டு அந்தப் பெண் வீட்டுக்குப் பின்பக்கம் போனாள். போனவள் திரும்பவில்லை. எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அந்தப் பெருக்கல் குறி மரம் கரும்பச்சையாகக் கவிந்து நின்றது. கிளைக்குக் கிளை காய். அதன் இடுப்பில் கட்டிய கயிற்றில் நிசாரின் லுங்கியும் சுகரா பேகத்தின் துப்பட்டாவும் காய்ந்துகொண்டிருந்தன. அந்தப் பெண் முள்ளை ஒதுக்கிவிட்டு மண்டியிட்டு அடிமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளம்பன்றி தின்ற இடத்தில் இரண்டு பக்கமிருந்தும் தடித்த உதடுகள் நகர்ந்து வந்து, நடுவில் ஒரு கையகலம்தான் பழைய காயம் தெரிந்தது. நிழல் இவ்வளவு இருப்பது நிசாருக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த நிழலில்தான் அவர் தினம் பல் துலக்குவார்.

அவள் கேமராவை எடுத்து மரத்தை, காயத்தை, லுங்கியை எல்லாம் படம் பிடித்தாள். வெள்ளைக் குறியைக் காட்டி என்னவென்று கேட்டாள். ஆபித் பாஷா ஒரு விநாடிகூடத் தயங்கவில்லை. தோல் வியாபாரத்தில் தயங்கினால் பிழைக்க முடியாது. இது விசேஷமாகப் பராமரிக்கிற மரத்துக்கு எங்கள் கம்பெனி போடுகிற அடையாளம் என்றார். மற்றவை வியாதி வந்த மரங்கள், மாற்றி நடப் போகிறோம் என்றார். அவள் தலையாட்டினாள். கார் கிளம்புவதற்கு முன் ஆபித் பாஷா நிசாரின் தோளில் கை போட்டார்.

"நிசார் பாய், உங்க கண்ணு கண்ணுதான். தோட்டம் இருக்கட்டும். மத்தத புடுங்கிட்டு புதுக் கன்னு நட்டுடலாம். நீங்களே பாருங்க."

நிசார் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். துணிக்கயிறு கட்ட இடம் கேட்ட பெண்டாட்டியைக் கை காட்டியிருக்கலாம். காருக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆனால் மத்தியானச் சோறு இறங்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். உள்ளேயிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தார். பிரஷ்ஷை எடுத்தார். பழக்க தோஷம், சீவுகிற கத்தியையும் எடுத்துக்கொண்டார். பின்பக்கம் போனபோது சுகரா பேகம் காய்ந்த துணியை எடுத்துவிட்டு ஈரத்துணியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னா அது கையில?"

"குறிய அழிச்சிட்டு ஒண்ணுன்னு போடப் போறேன்." சொல்லிவிட்டுச் சற்று நின்றார். அடுத்ததைச் சொல்ல அவருக்கு அறுபத்தொரு வயது வரை அவசியம் வந்ததில்லை, அறுபத்திரண்டில் வந்தது. "தப்பா போட்டுட்டேன் சுகரா."

அவள் கயிற்றிலிருந்து கையை எடுக்காமல் மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அன்று கோடரிக்கு முன்னால் நின்ற அதே இடம்.

"அழிக்க வேணாம். அப்படியே இருக்கட்டும்."

"தப்புன்னு சொல்றேன் இல்ல?"

"தப்புதான். ஒண்ணுன்னு போட்டீங்கன்னா நாளைக்கே இந்த உதட்டுல மேடு தெரியும் உங்களுக்கு. கத்தியும் கொண்டாந்துட்டீங்களே." அவள் குரல் ஏறவேயில்லை. "தௌசீப்புக்கு ஒண்ணாம் நம்பர்தான் போட்டீங்க."

நிசார் கையிலிருந்த கத்தியைப் பார்த்தார்.

"எனக்கு செகண்ட்ஸ்" என்றாள். "ஜன்னல் தெறந்துதான் இருந்துது. மொதல் ரெண்டு வருசம் அழுதேன். அப்புறம் உங்க கை அந்தப் பிள்ள மேல எறங்கறதப் பாத்ததும், நல்ல வேளை எனக்கு ரெண்டுதான் போட்டாருன்னு இருந்துட்டேன்."

இத்தனை வருடம் மூடி வைத்ததை அவள் சொன்ன விதத்தில் கோபம்கூட இல்லை. அதுதான் நிசாருக்குத் தாங்கவில்லை. கண்ணில் நீர் கோத்தது. புரை விழுந்த கண்தானே என்று துடைத்துக்கொள்ளவும் கை வரவில்லை, இரண்டு கையிலும் சாமான் இருந்தது. முதலில் கத்தியைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தார். பிறகு டப்பாவை வைத்தார். அவள் ஈரப் போர்வையின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா முறுக்குங்க" என்றாள். அவர் முறுக்கினார்.